ஒரே சாட்சி மூன்று முறை பேசினால்

வேலணையிலே காணி வாங்கச் செல்லும் பெரியவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்தவுடனே விலை பேசிவிடுவதில்லை. கிணற்றில் நீர் நிறைந்திருக்கலாம். ஆயினும் அது நன்னீரா, உவர்நீரா? ஒரு வாளி அள்ளிச் சுவைத்துப் பார்ப்பர். கோடையில் அதன் நிலை யாதென அயலாரைக் கேட்பர். கடல் சூழ்ந்த தீவிலே மழைநீர் உவர்நீரின் மேல் ஒரு படையாக நிற்பதனால், நீர்மட்டம் ஒன்றைக் கொண்டு கிணற்றை மதிப்பிடல் இயலாது.

அவ்வூரைச் சேர்ந்த எம் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் எம்மைக் காண வந்தான். கொழும்பிலே தொழில் பார்ப்பவன்.

"ஐயா, ஒரு கம்பனியின் காலாண்டு அறிக்கை அடுத்த வாரம் வரவிருக்கிறது. மூன்று குறிகாட்டிகளும் 'வாங்கு' என்றே சொல்லுகின்றன. அம்மாவின் காப்பை அடகு வைத்துப் பங்கு வாங்கலாமென எண்ணுகிறேன்" என்றான்.

"அந்த மூன்றும் எவை, தம்பி?" என்றோம்.

நகரும் சராசரி, ஆர்.எஸ்.ஐ., எம்.ஏ.சி.டி. என்றான். முதலாவது, கடந்த நாட்களின் விலைச் சராசரி. இரண்டாவது, விலையேற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிடுவது. மூன்றாவது, இரு விலைச் சராசரிகளின் இடைவெளி. மூன்றும் பிறப்பது விலை என்னும் ஒரே ஊற்றிலன்றோ? ஒரே சாட்சி மூன்று முறை பேசினால் அது மூவர் சாட்சியம் ஆகுமா?

வெவ்வேறு ஊற்றுகளை நாடவேண்டும். முதலிலே, கைமாறிய பங்குகளின் தொகை. கொழும்புச் சந்தையிலே பல பங்குகள் அருமையாகவே கைமாறுகின்றன. அத்தகைய பங்கின் விலையைச் சில கொள்வனவுகளே உயர்த்திவிடும். அடுத்து, காசுப்பாய்ச்சல் கூற்று. ஏட்டில் எழுதிய இலாபம் காசாக வந்து சேர்ந்ததா, அன்றிக் கடன்பட்டோரிடம் நிலுவையாய்க் கிடக்கிறதா? கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பது போன்ற சோதனை இதுவே.

இறுதியாக, நாட்டின் நிலை. 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. டொலர் கையிருப்புடைய கம்பனிகளுக்கு நாணயமாற்றினாலேயே இலாபம் கிட்டியது. டொலரிற் கடன்பட்டவற்றுக்கு நட்டம் நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 18 முதல் ஐந்து வேலை நாட்கள் பங்குச் சந்தையே மூடப்பட்டது. விலைக்கோடுகளை மட்டும் பார்த்திருந்தவர் இதற்கு என் செய்வார்?

இன்னொன்றும் உண்டு. 1968இல் ரே போல், பிலிப் பிறவுண் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்கக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை ஆராய்ந்தனர். அறிக்கை தரும் செய்தியில் 85 முதல் 90 வீதம் வரை, அது வெளிவருமுன்னரே விலையிற் கலந்துவிடுவதைக் கண்டனர். ஆகவே இலாபம் பெருகுமென்று அறிந்தால் மட்டும் போதாது. பிறர் எதிர்பார்த்ததிலும் அது பெருகுமா என்றல்லவா ஆராயவேண்டும்?

மாணவன் முந்திய அறிக்கையைத் திறந்தான். இலாபம் உயர்ந்திருந்தது. ஆனால் தொழிலிலிருந்து வந்த காசு குறைந்திருந்தது. கடன்பட்டோர் தொகை பெருகியிருந்தது. அவன் பங்கு வாங்கவில்லை.

அறிக்கை வெளிவந்தபோது அப்பங்கின் விலை சிறிது ஏறவே செய்தது. "தவறவிட்டேனே, ஐயா" என வருந்தி எழுதினான். இலாபம் ஒன்று கைநழுவியது மெய்தான். ஆயினும், ஒரு முறை பலித்த ஊகம் நல்ல முறையாகிவிடாது. இழக்கலாகாத பொருளைப் பணயம் வைப்பதும் முறையன்று என்று மறுமொழி எழுதினோம். காப்பு இன்றும் அவன் அன்னையின் கையிலேயே இருக்கின்றது.