மௌனம் சம்மதம் ஆகுமா?

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. பெண் பார்க்கச் சென்ற இடத்தில் இதைக் கூறிக் காரியத்தை முடித்த பெரியோர் பலர். மின்னஞ்சல் வழியே வாணிபம் செய்வோரும் நெடுங்காலமாக இதனையே நம்பி வந்திருக்கின்றனர். அது எத்துணைப் பிழையான நம்பிக்கை என்பதை நம் சங்கம் 2024-ஆம் ஆண்டில் பட்டு அறிந்துகொண்டது. அப்பிழையில் நமக்கும் பங்கு உண்டாதலின் அதனை மறைக்காமல் எழுதுகிறோம்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், ஆண்டு விழாவுக்கு நன்கொடை அளிக்க ஒரு ஜவுளி வணிகர் முன்வந்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே: வாரந்தோறும் தம் கடை விளம்பரத்தைச் சங்கத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். செயற்குழுவில் எவரும் மறுக்கவில்லை. முகவரிப் பட்டியலை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது நாமே. ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நாம், ரசீதைக் காணாமல் ஒரு மூட்டையைக்கூட எவரிடமும் ஒப்படைப்பதில்லை. ஆனால் அன்பர்கள் சங்கச் செய்திகளுக்காக நம்பிக் கொடுத்த முகவரிகளை, அவர்களை ஒரு வார்த்தை கேளாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினோம்.

நவம்பரில், ஓய்வூதியம் பெறுவோர் உயிர்வாழ் சான்றிதழ் அளிப்பதற்காகச் சங்கத்தில் முகாம் நடத்தினோம். அழைப்பு மின்னஞ்சலில் சென்றது. வந்தவரோ மிகச் சிலர். குடும்ப ஓய்வூதியத்தை நம்பி வாழும் மூதாட்டி ஒருவர், ஆண்டுதோறும் நம் அழைப்பைக் கண்டு வருபவர், அவ்வாண்டு வரவில்லை. அவருக்கு டிசம்பர் மாதப் பணம் நின்றுபோயிற்று.

வீட்டிற்குச் சென்று விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. வாரந்தோறும் வந்த புடவை விளம்பரத்தால் சலிப்புற்ற அவருடைய பேரன், சங்கத்தின் அஞ்சலை 'ஸ்பாம்' என்று குறித்துவிட்டான். அன்று முதல் சங்கம் அனுப்பியவை யாவும் குப்பைக் கூடைக்கே சென்றன. வேறு பல வீடுகளிலும் இதே கதை. இத்தகைய புகார்கள் பெருகினால், புகார் செய்யாதவர் வீட்டிலும் அம்முகவரியின் அஞ்சல் கூடைக்குள் விழக்கூடும். அஞ்சல் சேவை நிறுவனங்களின் ஏற்பாடு அவ்வாறானது.

"விளம்பரம் அனுப்பட்டுமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா, தம்பி?" என்றார் மூதாட்டி. நம்மிடம் விடை இல்லை.

பல நாடுகளின் சட்டங்கள் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு 'கேன்-ஸ்பாம்' சட்டம் முன் அனுமதியை வற்புறுத்துவதில்லை. ஆயினும் ஒவ்வொரு விளம்பர அஞ்சலிலும் அனுப்புவோரின் விலாசமும், இனி வேண்டாம் என்று சொல்லும் வழியும் இருத்தல் வேண்டும். வேண்டாம் என்றால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். கனடா இதற்கு மாறாக, 2014 ஜூலை 1 முதல், முதலில் கேள், பின்னர் அனுப்பு என்ற நெறியைக் கொண்டது. பொருள் வாங்கியவரிடம் 2 ஆண்டுகளும், விலை விசாரித்தவரிடம் 6 மாதங்களும் சம்மதம் உள்ளதாகக் கொள்ளலாம். அதற்குமேல் வெளிப்படையான சம்மதம் வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு அபராதம் 1 கோடி கனடா டாலர் வரை செல்லக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, வாய் திறவாமையும், முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டமும் சம்மதம் ஆகா. அங்கே நம் பழமொழி செல்லாது.

இந்தியாவில் மின்னஞ்சல் விளம்பரத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. தொலைபேசி அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. வேண்டாதவர் 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் மின்னஞ்சல் முகவரியும் ஒருவருடைய சொந்தத் தரவே. ஆகவே 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதனையும் தழுவுகிறது. சம்மதம் என்பது கட்டாயமின்றி, இன்ன காரியத்துக்கு என்று அறிந்து, தெளிவான செயலால் அளிக்கப்பட வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். வழக்கு எழுந்தால், முறைப்படி சம்மதம் பெற்றதை நிரூபிப்பது கேட்டவரின் கடமை. 2025 நவம்பரில் வெளியான விதிகள், இக்கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தந்திருக்கின்றன.

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நமக்கு இச்சட்டத்தில் ஒரு சிறப்பும் உண்டு. சம்மதம் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும். அவற்றுள் தமிழும் ஒன்று. ஹிந்தியோ ஆங்கிலமோ அறியாத நம் வீட்டுப் பெரியோர், புரியாத தாளில் குறியிட வேண்டுவதில்லை. தமிழில் தருக என்று கேட்கலாம்.

நம் குடும்பங்களில் அப்பளம், பொடி, புடவை விற்போரும், பாட்டு வகுப்பு நடத்துவோரும் பலர். வாடிக்கையாளரின் முகவரியைப் பெறும்போது, யார் கேட்கிறோம், எதற்காக, எப்போதெல்லாம் அனுப்புவோம் என்பதை எழுதிக் காட்டுங்கள். ரசீது அனுப்பப் பெற்ற முகவரிக்கு விளம்பரம் அனுப்புமுன் தனியாகக் கேளுங்கள். கட்டத்தை வெறுமையாக வைத்து, அவர்கள் கையாலேயே குறியிடச் செய்யுங்கள். சம்மதம் தந்த நாளைக் குறித்து வையுங்கள். வேண்டாம் என்றவரிடம் காரணம் கேளாதீர்கள்.

நம் சங்கம் 2025 ஜனவரியில் விளம்பரத்தை நிறுத்தியது. வணிகர் அடுத்த விழாவுக்கான நன்கொடையைக் குறைத்துக்கொண்டார். குறைந்த தொகையை நாம் உறுப்பினர்களிடம் வசூலிக்க நேர்ந்தது. மூதாட்டியை அழைத்துச் சென்று சான்றிதழ் அளிக்கச் செய்தோம். நின்ற பணம் பின்னர் வந்து சேர்ந்தது. புதிய படிவம் ஒன்றும் தயாரித்தோம். அதில் இரு கட்டங்கள்: ஒன்று சங்கச் செய்திக்கு, மற்றொன்று விளம்பரத்துக்கு. உறுப்பினர் பலர் இரண்டாவதை வெறுமையாகவே விட்டனர். மூதாட்டியோ இரண்டிலும் குறியிட்டார். நாம் வியந்து நோக்கவே, "தீபாவளிக்குப் புடவை வாங்க வேண்டாமா, தம்பி? இப்போது கேட்டீர்கள், கொடுத்தேன்" என்றார்.

படிவத்தை இன்னும் அனுப்பாத அன்பர்கள் விரைவில் அனுப்பி உதவ வேண்டுகிறோம். குறியிடாத கட்டத்தை இனி நாம் சம்மதமாகக் கொள்ள மாட்டோம்.