பசையை ஏற்காத பிளாஸ்டிக்

அமெரிக்காவிலும் கனடாவிலும் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே மாட்டி இழுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. டிராவல் டிரெய்லர் எனப்படும் இவ்வண்டியில் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். தண்ணீர்க் குழாய்களும் கழிவுநீர்த் தொட்டிகளும் பெரும்பாலும் தரைப்பலகைக்குக் கீழே, எஃகுச் சட்டங்களுக்கு இடையே அமைந்திருக்கும். இவற்றையெல்லாம் மறைத்து அடியில் ஒரு கறுப்பு அட்டை பொருத்தப்பட்டிருக்கும். அதுவே வண்டியின் அடிவயிறு. சாலைச் சேற்றையும் எலிகளையும் அது தடுக்கிறது. பல வண்டிகளில், கணப்பிலிருந்து வரும் வெங்காற்றைக் குழாய்களைச் சுற்றித் தேக்கி வைப்பதும் அதுதான். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. ஆகவே கடுங்குளிரில் இக்காப்பில் ஓட்டை விழுந்தால் ஒரே இரவில் குழாய் வெடித்துவிடக் கூடும்.

உள்ளே ஓர் இணைப்பு கசிந்தால் என்ன செய்வது? அட்டையைக் கத்தியால் அறுத்துத்தான் கையை நுழைக்க வேண்டியிருக்கிறது. (தயாரிப்பவர்களே அங்கு ஒரு சிறு கதவு வைத்திருக்கலாம்!) அறுப்பது எளிது, மூடுவதுதான் கடினம். சாதாரணப் பசையும் நாடாவும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் உரிந்து தொங்குகின்றன.

காரணம் அந்த அட்டையின் வேதியியலில் இருக்கிறது. அது பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். 1954-இல் இத்தாலியில் கியூலியோ நாட்டா இதைப் படிக வடிவில் உருவாக்கினார். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த நீண்ட சங்கிலிகளால் ஆனது இது. இச்சங்கிலிகள் பிற மூலக்கூறுகளை வலுவாக ஈர்ப்பதில்லை. மெழுகுத் தாளின்மேல் நீர் பரவாமல் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பசைக்கும் இங்கே அதே கதிதான். ஒரு திரவம் ஒரு பரப்பில் நன்கு பரவ வேண்டுமானால் அதன் பரப்பு இழுவிசை அப்பரப்பின் ஆற்றலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பாலிப்ரோப்பிலீனின் பரப்பு ஆற்றல் மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன்; எபாக்சிப் பசையின் இழுவிசையோ 40-க்கும் மேல். பரவாத பசை எப்படிப் பிடிக்கும்?

தொழிற்சாலைகளில் இதன் பரப்பைத் தீச்சுவாலையால் நொடிப்பொழுது வருடி, ஆக்சிஜன் அணுக்களை ஏற்றி, பசை பிடிக்கச் செய்கிறார்கள். எரிவாயுக் குழாய் ஓடும் வண்டியின் அடியில் இதைச் செய்து பார்ப்பது ஆபத்து.

ஆகவே பளுவைத் திருகுகளிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. அதே வகை அட்டையில், வெட்டைவிட எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டராவது பெரிதான ஒட்டு ஒன்றை வெட்டிக்கொள்ள வேண்டும். அட்டைப்பெட்டியைப் போலவே இதனுள்ளும் வரிசையாகக் குழல்கள் ஓடுகின்றன. குழலின் திசையில் அது விறைப்பாக நிற்கும். குறுக்கே எளிதில் மடங்கும். எனவே குழல்கள் ஒரு சட்டத்திலிருந்து மறு சட்டத்திற்கு ஓடும்படி வைத்தால் தொய்வு குறையும்.

திருகுத் துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும். வெப்பநிலை 40 டிகிரி மாறினால் ஒரு மீட்டர் பாலிப்ரோப்பிலீன் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். எஃகு அரை மில்லிமீட்டரே. அட்டை நகர இடமில்லாவிட்டால் துளையோரம் கிழியும். அகலமான வாஷர் போட்டால் திருகின் தலை அட்டையைப் பிய்த்துக்கொண்டு வராது.

அடுத்தது காற்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ எடைக்குச் சமம். ஒட்டின் முன்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்று அதைத் தூக்கிப் பிரித்துவிடும். ஓடு வேயும்போது மேல்வரிசை கீழ்வரிசையின்மேல் படிவதால் மழைநீர் உள்ளே புகுவதில்லை அல்லவா? அதுபோல முன்பக்க அட்டையின் ஓரம் ஒட்டின் முன்விளிம்பை வெளிப்புறமாக மூடியிருக்க வேண்டும். இடுக்குகளின்மேல் பியூட்டைல் ரப்பர் நாடா ஒட்டலாம். அதுவும் ஹைட்ரோகார்பன் இனமே என்பதால் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். அதற்குமுன் பரப்பைச் சாராயத்தால் துடைத்து உலரவிட வேண்டும்.

மூடுமுன் பம்பை ஓடவிட்டுக் கசிவு நின்றதா என்று பார்ப்பது அவசியம். நனைந்த கண்ணாடிக் கம்பளியை அப்படியே உள்ளே விடக் கூடாது. அசையாக் காற்றைவிட நீர் ஏறத்தாழ 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஈரம் மேலே உள்ள மரத்தரையையும் உளுக்கச் செய்யும். வேலை முடியும்வரை வண்டி வெறும் ஜாக்கியில் நிற்கக் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். திருகுகளால் மூடிய ஒட்டைக் கழற்ற அடுத்த முறை கத்தி தேவைப்படாது.