வண்டலூர்ப் பூங்காவும் வாங்கப்போகும் லென்சும்

ஊரப்பாக்கத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஏறக்குறைய அடுத்த வீட்டுத் தோட்டம் போன்றது. மின்சார ரயிலில் ஏறி அமர்வதற்குள் வந்துவிடும் தொலைவுதான். வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை அழைத்துச் செல்ல நமக்கிருக்கும் முதலிடம் அதுவே. அங்கே சென்று திரும்பும் பிள்ளைகள் கையில் காமிராவோ கைப்பேசியோ இல்லாதிருப்பது இக்காலத்தில் அரிது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை தயக்கத்தோடு நம்மிடம் வந்தார். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவர். இரு பிள்ளைகளுக்குத் தந்தை. “சாமி, பையன் லென்சு வேணும்னு ஒரு மாசமா நச்சரிக்கிறான். லட்ச ரூபாய்க்குப் பக்கத்துல ஆகுமாம். அவங்க அம்மா, வளையலை அடகு வைக்கலாம்னு சொல்றா. மகளுக்குக் கல்லூரிப் பணமும் கட்டணும். நீங்களும் படமெல்லாம் எடுப்பீங்களே, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

அவருடைய கலக்கத்தைக் கண்டபோது நம் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது.

நாம் கற்ற பாடம்

நாம் குருப்பட்டம் பெற்ற வேளையில் உறவினர் அளித்த அன்பளிப்புப் பணத்தைக் கொண்டு, பழைய பொருள் விற்கும் கடையொன்றில் 300 மில்லிமீட்டர் வரை நீளும் ஒரு லென்சை வாங்கினோம். இனி விலங்குகளெல்லாம் நம் கைக்குள் என்ற எண்ணம் நமக்கு! பிலிம் சுருளைக் காமிராவில் மாட்டிக்கொண்டு வண்டலூருக்குச் சென்றோம். மர நிழலில் படுத்திருந்த புலியை மட்டும் ஒரு முழுச் சுருளுக்குச் சுட்டுத் தள்ளினோம். கழுவி வந்த 36 படங்களில் தெளிவாக அமைந்தவை மூன்றே. மற்றவற்றில் இருந்தது புலியா, வைக்கோற்போரா என்று கேட்குமளவுக்குக் கலங்கல்.

காரணம் லென்சன்று, நம் அறியாமையே. லென்சு நீள நீளக் கையின் சிறு நடுக்கமும் படத்தில் பெரிதாகப் பதியும். 300 மில்லிமீட்டர் லென்சைக் கையில் பிடித்து எடுக்க வேண்டுமாயின், ஷட்டர் ஒரு நொடியில் 300-இல் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் திறந்திருத்தலாகாது என்பது படக்கலைஞர் கைக்கொள்ளும் பொதுவிதி. அடர்ந்த நிழலில், 100 என்ற உணர்திறன் கொண்ட பிலிமில், எஃப் 5.6 துவாரத்தில், நமக்குக் கிடைத்ததோ 30-இல் ஒரு பங்கு நொடி! பத்து மடங்கு வெளிச்சப் பற்றாக்குறையோடு புலிவேட்டைக்குப் போயிருந்தோம்.

கம்பிக்கூண்டிலிருந்து அகழிக்கு

இக்கதையை அத்தந்தையிடம் கூறிவிட்டு, “வாங்குவதற்கு முன் பூங்காவையே கேட்டுப் பார்ப்போம்” என்றோம். ஒரு புதன்கிழமை காலை அவரும், மகனும், பாட்டியம்மாவும், நாமும் புறப்பட்டோம். (செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதை வாசக அன்பர்கள் நினைவில் கொள்க.)

பாட்டியம்மா சென்னையின் பழைய பூங்காவைச் சிறுமியாக இருந்தபோது கண்டவர். “அதை உயிர்க் காலேஜுன்னு சொல்லுவோம் சாமி, மியூசியத்துக்குச் செத்த காலேஜு” என்று சிரித்தார். உண்மையே. 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் என்பவர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குத் தொகுப்புதான் பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டு, நூறாண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தது. நகர நெருக்கடியில் இடம் போதாமையால், வண்டலூர்க் காப்புக்காட்டில் புதிய பூங்கா அமைக்கப்பட்டு 1985-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர்.

இவ்வரலாறு லென்சுக்கு என்ன தொடர்புடையது எனலாம். தொடர்புண்டு. பழைய பூங்காவில் விலங்கு கம்பிக்குப் பின்னே சில அடி தொலைவில் நின்றது. வண்டலூரிலோ பெரிய விலங்குகள் பலவற்றுக்கும் நமக்கும் இடையே இருப்பது கம்பியன்று, அகழி. விலங்குக்கு உலவ இடமும், மறைந்து இளைப்பாற மரமும் கிடைத்தன. அவ்வளவுக்கு அது நம்மைவிட்டு விலகியும் போயிற்று. விலங்கின் நலனுக்காக அமைந்த அத்தொலைவைக் கடக்கவே நமக்கு நெடிய லென்சு வேண்டியதாயிற்று.

ஒரு சிறு கணக்கு

எவ்வளவு நெடிய லென்சு? ஊகிக்க வேண்டா, பள்ளிக் கணக்கே போதும். காமிராவினுள் படம் பதியும் உணரியின் அகலத்தை விலங்கு நிற்கும் தூரத்தால் பெருக்கி, லென்சின் குவியத் தூரத்தால் வகுத்தால், அத்தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் படத்தில் அடங்கும் என்பது வந்துவிடும். குடும்பங்களில் பெரும்பாலும் காணப்படும் காமிராக்களின் உணரி ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் அகலமுடையது.

புலி 30 மீட்டருக்கு அப்பால் நிற்பதாகக் கொள்வோம். காமிராவுடன் வரும் 18-55 லென்சை முழுவதும் நீட்டினாலும் 13 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். அதில் புலி ஒரு சிறு பொட்டு. 250 மில்லிமீட்டரில் அடங்குவது ஏறத்தாழ 2.9 மீட்டர். வளர்ந்த ஆண்புலி மூக்கிலிருந்து வால்நுனி வரை சுமார் இரண்டே முக்கால் மீட்டர் இருக்கும். ஆகவே அச்சட்டம் புலிக்கென்றே அளந்து தைத்தது போலாகும். 300-இல் 2.4 மீட்டர். பையன் ஆசைப்பட்ட 600 மில்லிமீட்டரிலோ வெறும் 1.2 மீட்டர், தலையும் தோளும் தெரியும், புலி தெரியாது!

தந்தை இக்கணக்கை ரயில் சீட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தார். பையன், “அப்போ 600 எதுக்குத்தான் ஃபாதர்?” என்று வினவினான். நல்ல கேள்வி. பூங்காவினுள் இருக்கும் ஓட்டேரி ஏரிக்கரைக்கு அவனை அழைத்துச் சென்றோம். 100 மீட்டருக்கு அப்பால் ஒரு கொக்கு நின்றது. அங்கே 250 லென்சில் 9.6 மீட்டர் அகலம் அடங்கும், கொக்கு காணாமற்போகும். 600-இல் 4 மீட்டர், ஓரளவு பயனுண்டு. ஆக, பெரிய லென்சு ஏரிப் பறவைக்கு உரியது. அதுவும் ஆண்டில் சில நாட்களே வேண்டுமாயின், சென்னையில் நாள் வாடகைக்கு லென்சு தரும் கடைகள் உள்ளன. ஒருநாள் வாடகை வளையலை அடகுக் கடைக்கு அனுப்பாது.

நிழலும் வலையும் கண்ணாடியும்

நீளத்துக்கு அடுத்தது துவாரம். எஃப் 2.8 துவாரமுள்ள லென்சு, எஃப் 5.6 லென்சைப்போல் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வண்டலூர் போன்ற காட்டு நிழலில் இது பெரும் வரம். ஆனால் 300 மில்லிமீட்டரில் அத்தகைய லென்சு பல லட்சம் விலை. எடையும் பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும். இன்றைய காமிராக்களில் உணர்திறனை 1600, 3200 என உயர்த்திக்கொள்ளலாம். படத்தில் சிறிது பொடிமணல் தூவினாற்போல் தோன்றினாலும், கலங்கலைவிட அது மேலானது. அதிர்வைத் தணிக்கும் அமைப்புள்ள லென்சு நம் கை நடுக்கத்தைத் தாங்கும். ஆனால் தாவும் குரங்கின் அசைவை அது நிறுத்தாது. அதற்கு 500-இல் ஒரு பங்கு நொடியேனும் வேண்டும்.

வலையிட்ட கூடுகளில் நெடிய லென்சு வேறோர் உதவியும் செய்யும். துவாரத்தை முழுவதும் திறந்து, தடுப்புக்கம்பி அனுமதிக்கும் எல்லைவரை வலையை நெருங்கி, விலங்கு வலையைவிட்டு விலகி நிற்கும் தருணம் பார்த்து எடுத்தால், வலைக்கம்பி கரைந்து மறைந்துபோம். வெயில் பட்ட வலை வெண்மையாகத் திரையிடும். நிழல் விழுந்த பக்கமாகச் சென்று நின்றால் பாதித் தொல்லை தீரும். தடுப்பைத் தாண்டிக் கை நீட்டுவது மட்டும் எந்தப் படத்துக்காகவும் கூடாது.

பாம்புகள் கண்ணாடிக்குப் பின்னே இருக்கும். அங்கே நெடிய லென்சு தோற்றுப்போம். அவற்றுட் பல ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் குவியா. சிறிய 18-55 லென்சே போதும். லென்சின் முகப்பைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் மெல்ல வைத்தால் எதிரொளி விழாது. கைப்பேசி வைத்திருப்போருக்கும் இதே வழிதான். ஒளிவீச்சுக் கருவியோ எங்குமே வேண்டா. அது கண்ணாடியில் பட்டு நம் படத்தையும் கெடுக்கும், வாயற்ற உயிரின் அமைதியையும் குலைக்கும்.

பொறுமை என்னும் லென்சு

அன்று சிங்கவால் குரங்குகளின் இடத்தருகே ஓர் இளைஞர் குழு கைதட்டிக் கூச்சலிட்டது. ஒருவர் சிறு கல்லையும் எடுத்தார். எதற்கு? முகம் திரும்பினால் படம் பிடிக்க! நம் பையன் அவரிடம், “அண்ணா, வேணாம். கொஞ்சம் நின்னா அதுவே திரும்பும்” என்றான். அவர் நாணிக் கல்லைக் கீழே போட்டார். இருபது நிமிடம் கழித்துத் தாய்க்குரங்கு ஒன்று குட்டியை மார்போடு அணைத்தபடி கிளையின் நுனிக்கு வந்து, நேரே நம்மை நோக்கிற்று. பையன் நம் பழைய 70-300 லென்சில் அதைப் பதிவு செய்தான்.

தமிழகம் பெற்ற இயற்கையறிஞர் மா. கிருஷ்ணன் அவர்களை இங்கு நினைவுகூர்தல் தகும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான இவர் 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே பொருத்திய கருவியைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில், காட்டு யானைகளைக் கால்நடையாகச் சென்று படமெடுத்தவர். பத்மஸ்ரீ விருது பெற்றவர். விலையுயர்ந்த கருவி அவரை உருவாக்கவில்லை. விலங்கின் வழியறிந்து காத்திருந்த பழக்கமே உருவாக்கிற்று.

முடிவு என்னவாயிற்று என வாசகர் கேட்பது செவியில் விழுகிறது. ஒருமுறை பயன்படுத்தப்பட்ட 55-250 லென்சொன்றைத் தந்தை வாங்கிக் கொடுத்தார். கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வளையல் தாயின் கையிலேயே இருக்கிறது. மகளின் கல்லூரிப் பணமும் உரிய நாளில் கட்டப்பட்டது. பையனுக்குச் சிறிது ஏமாற்றம் இருந்ததை நாம் மறைக்கவில்லை. “சம்பாதித்த பின் அந்த 600-ஐ உன் பணத்தில் வாங்கு தம்பி, அப்போது ஓட்டேரிக்கு நாமும் வருகிறோம்” என்று கூறியுள்ளோம்.

அன்று எடுத்த படங்களில் அவ்வீட்டார் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருப்பது குரங்கையன்று. நீர்யானைத் தொட்டியின் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, வியப்பில் வாய் திறந்து நிற்கும் பாட்டியம்மாவின் படம் அது. பையன் வீட்டிலேயே விட்டுவரப் பார்த்த சிறிய 18-55 லென்சில் எடுத்தது. அண்மையில் நாம் அவ்வீட்டுக்குச் சென்றபோது பாட்டியம்மா நம்மிடம் முறையிட்டார்: “பாருங்க சாமி, நீர்யானையைப் புடிடான்னா என்னைப் புடிச்சு வச்சிருக்கான்!”

அன்பர்களே, பூங்காவுக்குச் செல்லும்போது சிறிய லென்சை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.