சதுரங்க ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும்?

சதுரங்கப் போட்டிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் முதலில் கேட்பது, “ஓர் ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும்?” என்பதுதான். காற்பந்து என்றால் 90 நிமிடங்கள் என்று சொல்லிவிடலாம். சதுரங்கத்தில் சில ஆட்டங்கள் 5 நிமிடத்தில் முடியும், சில இரவுவரை நீளும். ஆனாலும் போட்டி அறிவிப்பில் உள்ள இரண்டு எண்களைக் கொண்டு உத்தேச நேரத்தை நீங்களே கணக்கிடலாம்.

மணல் முதல் மின்னணு வரை

1851இல் லண்டனில் நடந்த முதல் அனைத்துலகப் போட்டியில் கடிகாரமே இல்லை. விரும்பிய நேரம் யோசிக்கலாம். எதிராளியைக் களைக்க வைக்கவே சிலர் காலம் தாழ்த்துவதாகப் புகார்கள் எழுந்தன. 1861இல் ஆண்டர்சனும் கோலிஷ்ஷும் மோதியபோது மணற்கடிகாரங்கள் வைக்கப்பட்டன. 24 நகர்வுகளுக்கு 2 மணி நேரம் என்பது கணக்கு. 1883 லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது. ஒன்று ஓடினால் மற்றது நிற்கும்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வெற்றி உறுதியான நிலையில்கூட, காய்களை நகர்த்த நேரமின்றித் தோற்க நேரிடும். இதற்குத் தீர்வு கண்டவர் முன்னாள் உலக வெற்றியாளர் பாபி ஃபிஷர். ஒவ்வொரு நகர்வுக்கும் சில வினாடிகளைக் கூட்டித் தரும் கடிகாரத்துக்கு அவர் 1989இல் காப்புரிமை பெற்றார்.

கணக்கு இதுதான்

அறிவிப்பில் ‘15+10’ என்று இருந்தால், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 15 நிமிடங்கள், அதோடு நகர்வுக்கு 10 வினாடிகள் என்று பொருள். உலகச் சதுரங்கச் சம்மேளனம் (ஃபிடே) 60 நகர்வுகளை அளவுகோலாகக் கொள்கிறது. 60 நகர்வுகளுக்கு 600 வினாடிகள், அதாவது 10 நிமிடங்கள். 15உடன் கூட்டினால் 25. இருவருக்கும் சேர்த்து 50 நிமிடங்கள். பெற்றோர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பாலும் போதும்.

இந்தக் கூட்டுத்தொகை ஒருவருக்கு 10 நிமிடமோ அதற்குக் குறைவோ என்றால் அது ‘பிளிட்ஸ்’. 10க்கு மேல், 60க்குக் கீழ் என்றால் ‘ரேப்பிட்’. 60ஓ அதற்கு மேலோ என்றால் ‘கிளாசிக்கல்’.

ஆட்டம் 60 நகர்வுகளைத் தாண்டினால் நேரமும் நீளும். 2021இல் துபாயில் கார்ல்சனும் நெப்போம்னியாச்சியும் ஆடிய 6ஆம் ஆட்டம் 136 நகர்வுகள் வரை சென்றது. அது முடிய ஏழே முக்கால் மணி நேரம் பிடித்தது. 1989இல் பெல்கிரேடில் நிக்கோலிச்சும் ஆர்சோவிச்சும் ஆடியது 269 நகர்வுகள், 20 மணி நேரத்துக்கும் மேல். முடிவோ சமநிலை!

இரட்டிப்பு நேரம், இரட்டிப்பு சிந்தனையா?

ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்வுகள் சாத்தியம் என்று கணிதவியலாளர் கிளாட் ஷனான் 1950இல் வெளியான கட்டுரையில் மதிப்பிட்டார். நீங்கள் ஒரு நகர்வும் எதிராளி ஒரு நகர்வும் செய்தால் 30×30, அதாவது 900 வழிகள். இருவரும் இரண்டிரண்டு நகர்வுகள் செய்தால் 8,10,000. மும்மூன்று என்றால் 72 கோடிக்கும் மேல். எனவே நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் இரு மடங்கு தொலைவு பார்த்துவிட முடியாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் அனுபவத்தால் பெரும்பாலான வழிகளை ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் சிலவற்றை மட்டுமே ஆராய்கிறார்கள். அந்தச் சிலவற்றைச் சரிபார்க்கவும் நேரம் வேண்டும்.

செந்தோசாவில் நடந்தது

2024இல் சிங்கப்பூரின் செந்தோசாவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். முதல் 40 நகர்வுகளுக்கு 2 மணி நேரம். அதுவரை கூடுதல் வினாடிகள் கிடையாது. பிறகு 30 நிமிடங்களும் நகர்வுக்கு 30 வினாடிகளும் கிடைத்தன.

டிசம்பர் 12, கடைசி ஆட்டம். இருவரும் தலா ஆறரைப் புள்ளிகள். சமநிலையில் முடிந்தால் ரேப்பிட் ஆட்டங்கள் நடக்கும். சீனாவின் டிங் லிரெனிடம் குகேஷைவிட மிகக் குறைந்த நேரமே எஞ்சியிருந்தது. 55ஆம் நகர்வில் அவர் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். காய்கள் வெட்டுப்பட்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் நிலை உருவானது. அதில் குகேஷுக்கே வெற்றி. 58ஆம் நகர்வில் ஆட்டம் முடிந்து, 18 வயதில் அவர் உலக வெற்றியாளரானார். நேரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டரை வாரக் களைப்பும் சேர்ந்திருக்கலாம். ஆனால், கையில் நேரம் அதிகம் இருப்பவருக்கு ஒரு முறைக்கு இரு முறை சரிபார்க்க வசதி உண்டு.

மாணவர்களே, அடுத்த முறை ‘15+10’ ஆட்டத்தில் அமரும்போது இதை நினைவில் வையுங்கள். 40 நகர்வுகள் ஆடுவீர்கள் என்றால், நகர்வுக்குச் சராசரி 32 வினாடிகள் உங்களிடம் உண்டு. பழகிய தொடக்க நகர்வுகளை 5 வினாடிகளில் ஆடுங்கள். 10 நகர்வுகளுக்குப் பின் கடிகாரத்தைப் பாருங்கள். தொடங்கியபோது இருந்த 15 நிமிடங்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அந்த நேரத்தை ஆட்டம் கடினமாகும் இடத்தில் செலவிடுங்கள்.