வளர்ப்புக் குழந்தையும் வரவு செலவும்

பிள்ளையைச் செல்வம் என்று கூறுவது நம் மரபு. செல்வம் என்றவுடன் விலை என்ற எண்ணம் உடன் எழுவது உலக இயல்பு. ஆயினும் பிள்ளைக்கு விலை இல்லை என்பதே அறத்தின் முடிவு. நாட்டின் சட்டம் கண்ட முடிவும் அதுவே. அங்ஙனமாயின், பெற்றோரின் ஆதரவை இழந்த குழந்தையொன்றை முதலில் வளர்ப்புப் பொறுப்பில் ஏற்றுப் பின்னர்த் தத்தெடுக்க விரும்புவோர்க்கு நேரும் செலவு யாது? அதில் முறையானது எது, முறையற்றது எது? பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களை முன்னிட்டு இவ்வினாவை இங்கே ஆராய்வோம்.

முதலில் இரண்டு சொற்களின் பொருளைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். வளர்ப்புப் பராமரிப்பு என்பது, இல்லங்களில் வாழும் குழந்தை ஒன்றைக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்துப் பேணுதல். பெரும்பாலும் 6 வயதைக் கடந்த குழந்தைகளே இவ்வாறு ஒப்படைக்கப்படுகின்றனர். தத்தெடுத்தல் என்பதோ நிலையான உறவு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, தத்தாணை பிறந்ததும் அக்குழந்தை அக்குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு நிகராகிவிடுகிறது. சொத்துரிமையும் அதனுள் அடங்கும். இச்சட்டத்தின் கீழ் எம்மதத்தினரும் தத்தெடுக்கலாம் என்பதை 2014-ஆம் ஆண்டிலேயே, முந்தைய சட்டத்தை வைத்து, உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி அண்மையில் சற்று எளிதாயிற்று. முன்பு ஒரு குழந்தையை 5 ஆண்டுகள் வளர்த்த பின்னரே தத்துக்கு விண்ணப்பிக்க இயலும். 2024-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் அதனை 2 ஆண்டுகளாகக் குறைத்தன. மணமாகாதோரும், துணையை இழந்து தனித்து வாழ்வோரும் 35 வயது நிரம்பியிருப்பின் வளர்ப்புப் பொறுப்பை ஏற்கலாம் என்றும் அவை இடமளித்தன.

இனிச் செலவுக்கு வருவோம். வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தையைப் பெறுவதற்கு விலையோ நன்கொடையோ கிடையாது. மாறாக, 2022-இல் வகுக்கப்பட்ட மிஷன் வாத்சல்யா திட்டத்தின்படி, தேவையை ஆராய்ந்து, குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் அரசே உதவித்தொகை வழங்குகிறது. தத்தாணை கிடைத்த பின்னர் அவன் வளர்ப்புப் பிள்ளை அல்லன், சொந்தப் பிள்ளை. ஆதலின் அத்தொகையும் நின்றுவிடும். நிரந்தர வருமானம் போல் அதனை எண்ணிக் குடும்பக் கணக்கை வகுத்தல் தகாது.

நேரடித் தத்துக்குரிய கட்டணமும் அட்டவணையிட்டு வரையறுக்கப்பட்டதே. 2017-ஆம் ஆண்டு விதிகளில், இல்ல ஆய்வுக்கு 6,000 ரூபாய், குழந்தையைப் பெறும்போது 40,000 ரூபாய், பின்னர் இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை வந்து பார்க்கும் சமூகப் பணியாளருக்காக முறைக்கு 2,000 ரூபாய் என்று குறிக்கப்பட்டிருந்தது. அனைத்தையும் கூட்டினால் 54,000 ரூபாய். 2022-இல் புதிய விதிகள் வந்துள்ளமையால், பணம் செலுத்துமுன் மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் நடப்பு அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நலம். தொகை மாறினும் கொள்கை மாறவில்லை. கட்டணம் நிச்சயிக்கப்பட்டது, அதற்கு ரசீது உண்டு, அதற்குமேல் தத்து நிறுவனம் நன்கொடை பெறுதல் கூடாது. முன்பு தத்தாணைக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இப்போது மாவட்ட ஆட்சித் தலைவரே, கர்நாடகத்தில் டெபுடி கமிஷனர் எனப்படுவோரே, அவ்வாணையைப் பிறப்பிக்கிறார்.

முறையான வழியில் செலவு இவ்வளவுதான் என்றால், மக்கள் பல லட்சம் ரூபாய் கொடுத்து ஏமாறுவது ஏன்? காத்திருக்கப் பொறுமையின்மையே காரணம். கைக்குழந்தை வேண்டிப் பதிவு செய்வோர் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்கிறது. அந்த ஏக்கத்தை அறிந்த தரகர் அங்கே நுழைகின்றனர். “ஊரில் ஒரு குழந்தை இருக்கிறது, ஏழைத் தாய், யாருக்கும் தெரியாது” என்று சொந்த ஊர்க்காரர் போலவே பேசுவர். வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு ஊர்ப்பேச்சு ஒன்றே நம்பிக்கை தருவதாகிவிடுகிறது.

இது கற்பனை அன்று. 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில், பல ஆண்டுகளாகக் குழந்தைகளை விற்றுவந்ததாக முன்னாள் செவிலியர் ஒருவர் கைதானார். 2023 நவம்பரில், தமிழ்நாட்டிலிருந்து பச்சிளங் குழந்தைகளைக் கொணர்ந்து விற்ற கூட்டத்தைப் பெங்களூர்ப் போலீசார் பிடித்தனர். குழந்தை ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய் பேசப்பட்டதாக அன்று செய்தி வெளிவந்தது.

சட்டம் இதில் கடுமையானது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே, தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் பெறுவதையும் குற்றமாக்கியது. குழந்தையை விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் 5 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மருத்துவமனை ஊழியரைப் போல் குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் இக்குற்றம் புரியின் தண்டனை 7 ஆண்டுகள் வரை நீளும். இதனினும் பெரிய தண்டனை ஒன்று உண்டு. மார்போடு அணைத்து வளர்த்த குழந்தையை, ஒரு நாள் போலீசார் வந்து கேட்கும்போது, கொடுத்துவிட்டு நிற்க நேரிடும். பல லட்சம் கொடுத்தவர் கையில் ரசீதும் இராது, குழந்தையும் இராது. அக்குழந்தையோ இரண்டாம் முறையும் தாயை இழக்கும்.

முறையான வழியிலும் அட்டவணையில் எழுதப்படாத செலவுகள் சில உள்ளன. 8 வயதுச் சிறுவன் வீட்டுக்கு வந்தால் படுக்கையும் புத்தகமும் மட்டும் போதா. பல், கண், காது ஆகியவற்றுக்கு மருத்துவச் சோதனை வேண்டும்; விடுபட்ட படிப்பை ஈடு செய்யத் தனிப்பாடம் வேண்டும்; முதற் சில மாதங்களாவது பெற்றோருள் ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும். பெரிய குழந்தையை ஏற்போர்க்கு விடுமுறை உண்டா என்பதைப் பணியிடத்தில் முன்னரே கேட்டறிதல் நன்று. மனத்துக்கும் ஒரு செலவு உண்டு. வளர்ப்புக்கு வரும் குழந்தை யாவரும் தத்துக்கு உரியவராவதில்லை. பெற்றோரின் நிலை திருந்தினால் குழந்தை அவர்களிடம் திரும்பலாம். வளர்ப்புப் பொறுப்பை ஏற்பவர் இதற்கு மனத்தைப் பக்குவப்படுத்திக்கொள்ளல் இன்றியமையாதது.

மொழியையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு வரும் குழந்தை கன்னடம் மட்டுமே அறிந்ததாக இருக்கலாம். பசி என்று சொல்லவும், பயம் என்று சொல்லவும் அதற்குத் தெரிந்த மொழி அதுவே. வந்த மறுநாளே அதனை மறக்கச் செய்தல் அன்பாகாது. வேற்றூரில் தாய்மொழி காதில் விழாத நாளின் வெறுமையை நம்மைவிட அறிந்தவர் யார்? வீட்டில் தமிழும் கன்னடமும் சேர்ந்து ஒலிக்கட்டும். தமிழ் தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.

விருப்பமுள்ளோர் சொந்த ஊருக்குச் செல்ல வேண்டுவதில்லை. வாழும் இடத்திலேயே பதிவும் இல்ல ஆய்வும் நடைபெறும். வளர்ப்புக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும், தத்துக்கு மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தையும் நாடலாம். குழந்தை விலை பேசப்படுவதாக அறிந்தால் 1098 என்னும் எண்ணை அழைத்துத் தெரிவிப்பது ஒவ்வொருவர் கடமை. எவரேனும் ஒரு தொகையைக் கூறினால், “இது எந்த அட்டவணையில் உள்ளது? ரசீது தருவீர்களா?” என்று இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். நேர்மையானவர் விடை கூறுவார்; மற்றவர் அகன்றுவிடுவார்.