மண் காத்ததும் மாளிகை இழந்ததும்

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ், எசெக்ஸ் என்னும் மாவட்டங்களின் எல்லையில் பார்ட்லோ என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே மரங்களினிடையே செங்குத்தாய் எழுந்து நிற்கும் மூன்று மண்மேடுகளைக் காண்போர் அவற்றை இயற்கைக் குன்றுகள் என்றே எண்ணுவர். உண்மையில் அவை உரோமர் ஆட்சிக் காலத்தில், ஏறக்குறைய கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில், செல்வர்களின் சாம்பர்மீது எழுப்பப்பட்ட ஈமமேடுகள். முன்னர் ஏழு மேடுகளேனும் இருந்தன. பெரியது 40 அடிக்கு மேல் உயர்ந்தது. பிரித்தானியாவில் எஞ்சியுள்ள உரோமர் கால ஈமமேடுகளுள் அதுவே மிகப் பெரியது.

1016 ஆம் ஆண்டுப் போரில் மாண்ட டேனியரின் புதைகுழிகளே இவை என அயலவர் நெடுங்காலம் நம்பி வந்தனர். 1832 முதல் 1840 வரை ஜோன் கேஜ் என்பார் நடாத்திய அகழ்வாய்வு அந்நம்பிக்கையைப் போக்கிற்று. கண்ணாடிக் கலங்களில் எரிந்த எலும்புகள், வெண்கலப் பாத்திரங்கள், விளக்கு, மடக்கு நாற்காலி ஆகியன வெளிவந்தன. கலங்களில் எஞ்சியிருந்தவற்றை அறிஞர் மைக்கல் பரடே ஆராய்ந்தார்.

கிடைத்த பொருள்களுட் பெரும்பாலானவை நிலவுடைமையாளரான மேனாட் பிரபுவின் ஈஸ்டன் லொட்ஜ் மாளிகையிற் சேர்க்கப்பட்டன. 1847 இல் அம்மாளிகை தீக்கிரையாயிற்று. பதினேழு நூற்றாண்டுகள் மண் காத்த செல்வத்தை மாளிகை 15 ஆண்டுகளே காத்தது! கேஜ் எழுதிய அறிக்கைகளும் அவற்றோடு வெளியான படங்களும் இல்லையேல் நாம் அறியக்கூடியது மிகச் சிறிதே.

எசெக்ஸ் கரையிலுள்ள மேர்சி தீவின் மேடு வேறொரு கதை கூறுகின்றது. 1912 இல் அதனை அகழ்ந்தபோது, ஓடுகளாலான சிற்றறையில் ஓர் ஈயப் பேழையும், அதனுள் எரிந்த எலும்புகள் நிறைந்த கண்ணாடிக் கலமும் இருந்தன. அவை பேணப்பட்டன. நூறாண்டு கழித்து ஆய்வாளர் அவ்வெலும்புகளை மீண்டும் நோக்கினர். அவை 35 முதல் 45 வயது வரையான ஓர் ஆடவனுடையவை; அவற்றின்மீது குந்திரிக்கமும் தேவதாருப் பிசினும் படிந்திருந்தன. அரேபியாவிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும் விளையும் நறும்பிசின், உரோமப் பேரரசின் வடமேற்குக் கோடிவரை ஒரு மனிதனின் இறுதிக் கடனுக்காகச் சென்றிருக்கிறது! 1912 இல் அகழ்ந்தோர் இதனைக் கனவிலும் கருதியிரார்.

வரலாறு கற்பிப்போர் இவ்விரு மேடுகளையும் ஒருங்கே மாணவர்க்குக் காட்டவேண்டுமென நான் விழைகின்றேன். ஒரு கல்லறையை ஒருமுறைதான் திறக்கமுடியும். ஆயின், திறந்தெடுத்ததைப் பேணி வைத்தால், நாம் கேட்கத் தெரியாத வினாக்களை நம் பேரர்கள் கேட்டு விடை பெறுவர். ஆதலின், அகழ்தல் அறிவின் தொடக்கமே. பேணுதலே அதன் கடன் என்பேன்.