குழூஉக்குறி

குழூஉக்குறி என்பது ஒரு பொருளுக்கு வழக்கிலுள்ள பொதுப்பெயரை நீக்கி, குறிப்பிட்ட ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் புரியுமாறு வேறொரு சொல்லால் அதனைக் குறிக்கும் வழக்கு ஆகும். தமிழ் இலக்கணம் இதனைத் தகுதி வழக்கின் வகைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. வணிகர், கைவினைஞர், தரகர், மாணவர், குற்றச் செயலில் ஈடுபடுவோர் எனப் பல தரப்பினரிடமும் இவ்வழக்கு காணப்படுகிறது. இலண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் தோன்றிய காக்னி எதுகைக் கொச்சை உலக அளவில் நன்கு அறியப்பட்ட குழூஉக்குறிகளுள் ஒன்றாகும்.

சொற்பொருள்

குழூஉ என்பது குழு என்னும் சொல்லின் அளபெடுத்த வடிவம். குறி என்பது அடையாளம் அல்லது பெயர். எனவே குழூஉக்குறி என்பது ஒரு குழுவினர் வைத்துக்கொண்ட அடையாளப் பெயர் எனப் பொருள்படும்.

இலக்கண நூல்களில்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுக்கிறது. ஒரு பொருளை அதற்குரிய இயல்பான சொல்லால் குறிப்பது இயல்பு வழக்கு. ஏதேனும் ஒரு காரணம் பற்றி அச்சொல்லைத் தவிர்த்து வேறு சொல்லால் குறிப்பது தகுதி வழக்கு. தகுதி வழக்கு மூன்று வகைப்படும்.

* இடக்கரடக்கல்: அவையில் சொல்லத் தகாததை மறைத்துக் கூறுதல். (எ-டு) கால் கழுவி வந்தான்.
* மங்கலம்: மங்கலமற்றதை மங்கலமாகக் கூறுதல். (எ-டு) இறந்தார் என்பதை இறைவனடி சேர்ந்தார் எனல்.
* குழூஉக்குறி: ஒரு குழுவினர் தம்முள் மறைவாக வழங்குதல்.

மூன்றிலும் ஒரு சொல் மறைக்கப்படுகிறது. ஆயினும் காரணம் வேறு. இடக்கரடக்கலும் மங்கலமும் கேட்பவரின் மனம் புண்படாதிருக்கப் பயன்படுபவை. அவற்றின் பொருள் கேட்பவர் எல்லோருக்கும் தெரியும். குழூஉக்குறியோ அருகிலிருக்கும் அயலாருக்குப் பொருள் தெரியக்கூடாது என்பதற்காகவே பயன்படுகிறது.

இலக்கண உரைகளில் பின்வரும் எடுத்துக்காட்டுகள் வழங்கி வருகின்றன.

* பொற்கொல்லர் பொன்னைப் பறி எனல்
* யானைப் பாகர் ஆடையைக் காரை எனல்
* வேடர் கள்ளைச் சொல்விளம்பி எனல்

இவற்றுள் சொல்விளம்பி என்பதன் காரணம் வெளிப்படையானது. கள் உண்டவன் தன்னை மறந்து பேசுவான். ஆகவே அது சொல்லை விளம்பச் செய்வது. பொற்கொல்லரின் தேவையும் எளிதில் விளங்கும். வாடிக்கையாளர் எதிரிலேயே பொன்னின் தரத்தையும் விலையையும் பற்றித் தம்முள் பேச வேண்டிய தொழில் அவர்களுடையது.

உருவாகும் முறைகள்

*பெயர் மாற்றமும் உருவகமும்:* தமிழில் மிகுதியாகக் காணப்படுவது இம்முறையே. வெளிநாடுகளுக்கு அடிக்கடி வானூர்தியில் சென்று சிறு அளவில் பொருட்களைக் கொண்டுவருவோர் குருவி எனப்படுகின்றனர். மது சரக்கு எனப்படுகிறது. கையூட்டைக் குறிக்கும் மாமூல் என்பது வழக்கமானது என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மும்பை நிழலுலக வழக்கில் பேட்டி (பெட்டி) என்பது ஒரு இலட்சத்தையும் கோக்கா என்பது ஒரு கோடியையும் குறிக்கும்.

*எழுத்துச் சேர்ப்பு:* சொல்லின் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னர் க என்னும் எழுத்தைச் சேர்த்துப் பேசும் க பாஷை தமிழ்ச் சிறுவரிடையே பரவலாக உள்ளது. இதில் வாடா என்பது கவாகடா என ஆகும்.

*எழுத்துகளைத் திருப்புதல்:* பிரெஞ்சு மொழியின் வெர்லான் வழக்கில் அசைகள் முன்பின்னாக மாற்றப்படுகின்றன. வெர்லான் என்னும் பெயரே தலைகீழ் எனப் பொருள்படும் லான்வெர் என்பதன் திருப்பம் ஆகும். அர்ஜென்டினாவின் வெஸ்ரே வழக்கில் டாங்கோ நடனம் கோத்தான் எனப்படும்.

*சைகை:* சொல்லே இல்லாத குழூஉக்குறிகளும் உண்டு. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டால் கைகளை மூடிக்கொண்டு விரல்களைப் பற்றி விலை பேசுவது வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்ட விலையும் முடிந்த விலையும் தெரிவதில்லை. அதனால் அடுத்த மாட்டின் பேரம் கெடுவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்குப் பலமுறை வந்த பிரெஞ்சு வணிகர் தாவெர்னியே, 1676இல் வெளியான தம் பயண நூலில் தக்காண வைர வணிகர்களிடம் இதே முறை இருந்ததை விவரித்துள்ளார். அவர் கூற்றுப்படி, முழுக் கையைப் பற்றினால் ஆயிரம், ஒரு விரலைப் பற்றினால் நூறு, பாதி விரலைப் பற்றினால் ஐம்பது.

காக்னி எதுகைக் கொச்சை

இது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் கிழக்குப் பகுதியில் தெரு வணிகர், கூவி விற்போர் முதலியோரிடையே பரவியது. ஜான் கேம்டன் ஹாட்டன் 1859இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் இதற்கெனத் தனிச் சொற்பட்டியல் உள்ளது.

இதன் அமைப்பு இரண்டு படிகளைக் கொண்டது. முதலில், சொல்ல வேண்டிய சொல்லோடு ஒலியொத்து முடியும் ஒரு தொடர் தேர்ந்தெடுக்கப்படும். பிறகு, பல இடங்களில், ஒலியொத்த அந்த இறுதிச் சொல்லே விடப்படும். எடுத்துக்காட்டாக, பார்வை எனப் பொருள்படும் லுக் என்பதற்கு புட்சர்ஸ் ஹுக் (கசாப்புக்காரர் கொக்கி) என்பது ஒலியொத்த தொடர். பேச்சில் ஹுக் விடப்பட்டு புட்சர்ஸ் மட்டும் எஞ்சும். ஒலி ஒப்புமைக்குக் காரணமான சொல்லே மறைந்துவிடுவதால் அயலார் பொருளை ஊகிப்பது அரிதாகிறது.

* ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ் – ஸ்டேர்ஸ் (படிக்கட்டு)
* லோஃப் ஆஃப் பிரெட் – ஹெட் (தலை), சுருக்கம்: லோஃப்
* போர்க் பை – லை (பொய்), சுருக்கம்: போர்க்கி
* ரூபி மர்ரி – கரி (கறி உணவு), சுருக்கம்: ரூபி

ரூபி மர்ரி என்பவர் 1950களில் புகழ்பெற்ற பெல்ஃபாஸ்ட் பாடகி. இதில் மறைக்கப்படும் கரி என்னும் ஆங்கிலச் சொல் தமிழின் கறி என்பதிலிருந்து வந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

எதுகைக் கொச்சை என வழங்கினாலும், தமிழ் யாப்பின்படி எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றுவது. காக்னி முறையில் ஒன்றுவது சொல்லின் இறுதி. எனவே இது இயைபுக்கே நெருக்கமானது.

கலைச்சொல்லும் குழூஉக்குறியும்

ஒரு தொழிலுக்கே உரிய சொற்கள் எல்லாம் குழூஉக்குறிகள் அல்ல. காஞ்சிபுரம், வாலாஜாபாத் வட்டாரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. காஞ்சிப் பட்டு நெசவில் புடவையின் உடலையும் வேறு நிறக் கரையையும் கோத்து நெய்வது கோர்வை எனப்படும். உடலின் பாவோடு வேறு நிற முந்தானைப் பாவை இணைப்பது பெட்னி எனப்படும். இச்சொற்கள் பிறருக்குப் புரியாமல் போகலாம். ஆயினும் அவை எதையும் மறைப்பதில்லை. அந்த வேலைக்கு வேறு பெயர் இல்லாததால் எழுந்த கலைச்சொற்கள் அவை. பொதுப்பெயர் ஒன்று இருந்தும் அதனை வேண்டுமென்றே விலக்குவதே குழூஉக்குறி.

தவறான புரிதல்கள்

ஒரு சமூகத்தின் தாய்மொழியையே மறைமொழி எனக் கருதுவது நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் தவறாகும். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி இந்திய-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த தனி மொழி. அது குழூஉக்குறி அன்று. தமிழ்நாட்டு நெசவாளர்களிற் பலர் வீட்டில் பேசும் தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

இத்தகைய ஐயம் வரலாற்றில் கடும் விளைவுகளை ஏற்படுத்தியது. பிரித்தானிய அதிகாரி ஸ்லீமன் தக்கர் எனப்பட்ட வழிப்பறிக் குழுவினரின் சொற்களைத் தொகுத்து 1836இல் ராமசீயானா என்னும் நூலாக வெளியிட்டார். பிறப்பையே குற்றத்தின் அடையாளமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. 1952இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. மறைவாகப் பேசுதல் குற்றத்திற்குச் சான்றாகாது என்பதைப் பொற்கொல்லரையும் யானைப் பாகரையும் எடுத்துக்காட்டாகத் தந்த இலக்கண உரைகளே உணர்த்துகின்றன.

பொதுவழக்காதல்

குழூஉக்குறியின் பொருள் வெளியாருக்குத் தெரிந்தவுடன் அதன் பயன் குறைகிறது. குழு புதிய சொல்லைத் தேடும். பழைய சொல் மறையும் அல்லது பொதுவழக்கில் சேரும். லோஃப், போர்க்கி ஆகியவற்றை இன்று ஆங்கிலேயர் பலர் எதுகைக் கொச்சை என்று அறியாமலே பயன்படுத்துகின்றனர். தமிழில் மாமூல், குருவி, சரக்கு ஆகியவை நாளிதழ்களிலும் திரைப்படங்களிலும் இடம்பெறும் அளவிற்குப் பரவிவிட்டன.